சத்தியம் பண்ணாத அகனேத்தா

எங்கட ஆக்கள் ஆரும் மோசம் போனால் இந்தப் பேப்பரில படத்தோட கண்ணீர் அஞ்சலி போடுறம். போன மாசி மாதம் அகனேத்தா ரெம்பல் மோசம் போனவ. வயசு எண்பத்தஞ்சு. அவவுக்குத் தமிழ்ப் பேப்பரில ஆர் போடுறது? நான்தான் போடோணும். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என்ர பேத்தி மயூரி எழுதுறாள். "கொஞ்சம் வடிவா மாத்தி எழுதட்டோ அப்பம்மா?" எண்டு கேட்டவள். ஒண்டையும் மாத்தாதை எண்டு சொல்லிப்போட்டன்.

அகனேத்தா மெனனைட் ஆள். அது கிறிஸ்தவ வேதக்காரரில ஒரு பிரிவு. துவக்குத் தூக்கமாட்டினம், சண்டைக்குப் போகமாட்டினம். அவ பிறந்தது ரஷ்யாப் பக்கம். அங்கை இருக்கேலாமல் பன்னிரண்டு வயசில தாய் தேப்பனோட கப்பலேறி வந்தவ. பிள்ளையள், பேரப்பிள்ளையள் எண்டு பதினேழு பேர் அவவுக்கு. அவையளுக்குச் சமைச்சது, தைச்சது, செபிச்சது எல்லாத்தையும் அவையள் சொல்லுவினம். எனக்குத் தெரிஞ்சதை மட்டும் நான் சொல்லுறன்.

நானும் மயூரியும் தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில அகதியா இந்த நாட்டுக்கு வந்தனாங்கள். சென் ஜேம்ஸ் ரவுணில பதினாலாம் மாடியில ஒரு அறை வீடு. மயூரிக்கு அப்ப பன்னிரண்டு. தாய் அவள் குழந்தையா இருக்கேக்கையே செத்துப்போனாள். தேப்பன், என்ர மகன் தங்கத்துரை, எங்களுக்குக் கொஞ்சம் முன்னம் கொழும்புக்கு வெளிக்கிட்டவன். வழியில பஸ்ஸால இறக்கிக் கொண்டு போனவங்கள் எண்டு கூட வந்த ஆக்கள் சொல்லிச்சினம். அவ்வளவுதான். பிறகு ஒரு சேதியும் இல்லை.

புதுசா வாற அகதியளைப் பாக்க அவையளின்ர சேர்ச்சிலயிருந்து ஆக்கள் வாறவை. எங்கட வீட்டுக்கு வந்தது அகனேத்தா. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலமை பத்து மணிக்கு, சப்வேயில வந்து, சப்பாத்தைக் கழட்டி வாசலில நேரா அடுக்கி வைச்சிட்டு உள்ளுக்கு வருவா. பையுக்குள்ள பணிஸ் இருக்கும். ஒண்டுக்கு மேல ஒண்டு குந்தின மாதிரி ரெட்டைப் பணிஸ், வெண்ணெய் போட்டுச் சுட்டது. எனக்கு அவவின்ர பாசை தெரியாது, அவவுக்கு என்ர பாசை தெரியாது. மயூரி ஆறு மாசத்தில இங்கிலீசு பிடிச்சிட்டாள். அவள் பள்ளிக்கூடம் விட்டு நிக்கிற நாளில அவள்தான் எங்கட வாய். அவள் இல்லாட்டி கை.

ஒரு நாள் இறைச்சிக்கறி வைச்சுக் குடுத்தன். இந்த ஊர் ஆக்கள் எதைக் குடுத்தாலும் நைஸ் நைஸ் எண்டுதான் சொல்லுவினம், பேந்து சாப்பாட்டுக் கோப்பையில அப்பிடியே கிடக்கும். அகனேத்தாவின்ர கண்ணால தண்ணி ஓடுது, மூக்குச் சிவந்து போச்சு.

"எப்பிடி இருக்கெண்டு கேள்" எண்டன் மயூரியிட்டை.

"உறைப்புக் கூடிப்போச்சாம். ஆனால் இன்னும் கொஞ்சம் போடட்டாம்."

அண்டைக்குத்தான் எனக்கு அவவைப் பிடிச்சது. வியாழக்கிழமையளில என்னைத் தங்கட சேர்ச்சுக்குக் கீழ இருக்கிற மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவா. அங்கை கிழவியள் மேசையைச் சுத்தியிருந்து தடிச்ச போர்வைக்கு நூல் கோத்து முடிச்சுப் போடுவினம். முகம் தெரியாத அகதியளுக்கு அனுப்புற போர்வை. நான் தென்னோலைக் கிடுகு பின்னின கைக்காரி. அவையள் ஒரு முடிச்சுப் போட நான் மூண்டு போடுவன். "குணவதி, மெதுவா" எண்டுவா அகனேத்தா. நான் மெதுவாப் போடேல்லை.

எங்கட கேஸ் விசாரிக்கிற நாள் கிட்ட வந்துது. கேஸ் எண்டால் எங்களை இந்த நாட்டில அகதியா ஏற்கிறதோ, திருப்பி அனுப்புறதோ எண்டு முடிவெடுக்கிறது. ஃபோம் நிரப்பித் தந்தது எங்கட மாடியில இருந்த ஜெயரட்ணம் தம்பி. மகனுக்கு என்ன நடந்தது எண்ட இடத்தில, என்ர கண்ணுக்கு முன்னால சுட்டவங்கள் எண்டு எழுதினவர்.

"தம்பி, அப்பிடி நான் காணேல்லையே" எண்டு கேட்டன்.

"காணாமல் போனவன் எண்டால் நம்பமாட்டாங்கள் அன்ரி. எங்கையோ ஒளிச்சிருக்கிறான் எண்டு சொல்லுவாங்கள். பேசாமல் இருங்கோ."

நான் பேசாமல் இருந்தனான். பிள்ளையைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்ட பயம்.

அகனேத்தா எனக்குச் சாட்சி சொல்ல வாறதெண்டு ஏற்பாடு. லோயரின்ர கந்தோருக்கு மூண்டு பேரும் போனனாங்கள். லோயர் ஏதோ சொல்ல, அகனேத்தா தலையை ஆட்டி மாட்டன் எண்டிறா.

"என்னவாம்?"

"அவ சத்தியம் பண்ணமாட்டாவாம், அப்பம்மா."

எனக்கு உச்சியில ஏறிச்சுது. எங்கட ஊரில கள்ளன்தான் சத்தியத்துக்குப் பின்னடிப்பான். உண்மைக்காரன் கோயில் வாசலில கற்பூரம் அடிச்சுச் சொல்லிப்போட்டுப் போவான். இவ எனக்காகச் சத்தியம் பண்ணமாட்டா எண்டால், என்னைக் கள்ளி எண்டு நினைக்கிறா எண்டுதான் அர்த்தம். வீட்டை வந்து அவ தந்த பணிஸ் பையைத் திறக்காமல் அவவின்ர கையிலேயே குடுத்து அனுப்பினன். அடுத்த செவ்வாய் பெல் அடிச்சா, நான் கதவு திறக்கேல்லை. அதுக்கடுத்த செவ்வாயும் திறக்கேல்லை. மூண்டாம் செவ்வாய் பள்ளிக்கூட லீவு. மயூரி திறந்திட்டாள்.

அகனேத்தா கோட்டும் கழட்டாமல் கதிரை நுனியில இருந்து சொன்னா. மயூரி சொல்லித் தந்தாள். தங்கட ஆக்கள் ஒருத்தருக்கும், எதுக்கும் சத்தியம் பண்ணமாட்டினமாம். யேசு வேண்டாமெண்டு சொன்னவராம். சத்தியம் பண்ணிச் சொல்லுறது உண்மை எண்டால், மற்ற நேரம் சொல்லுறது என்ன எண்டு கேட்டா. "என்னட்டை ஒரு கதைதான் இருக்கு. ஓமெண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. உனக்காக அப்பிடித்தான் சொல்ல வருவன்."

எனக்குச் சுருக்கெண்டுது. என்னட்டை ரெண்டு கதை இருந்தது. நான் அழேல்லை, ஆனால் ஃபோமில இருந்ததைச் சொல்லிப்போட்டன். மகன் செத்ததை நான் காணேல்லை, செத்தானோ எண்டும் தெரியாது எண்டு.

அவ புத்தி ஒண்டும் சொல்லேல்லை. தன்ர தமையனைப் பற்றிச் சொன்னா. ஹைன்ரிஹ் எண்டு பேர். கப்பலேறேக்கை கண்ணில வருத்தம், தொத்து நோய் எண்டு அவனை மட்டும் மறிச்சுப் போட்டினமாம். சுகமானாப்பிறகு வருவான் எண்டு இவையள் வந்திட்டினம். கன காலம் கடிதம் வந்தது, முப்பத்தேழாம் ஆண்டோட நிண்டு போச்சு. "செத்துப்போனான் எண்டு சொல்லச்சொல்லி எல்லாரும் சொன்னவை. எனக்குத் தெரியாததை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"கேஸில மகனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவியள்?" எண்டு கேட்டன்.

"நீ இப்ப என்னட்டைச் சொன்னதைத்தான்."

"அப்ப வராதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். அவ எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனா. பணிஸ் பை மேசையில இருந்தது.

அண்டு பின்னேரம் நான் சோறு வடிச்சுக்கொண்டு நிக்கிறன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால மயூரி நிண்டு, கேஸில கேட்டால் சொல்லுறதைப் பாடமாக்கிறாள். "மை ஃபாதர் இஸ் டெட். மை ஃபாதர் இஸ் டெட்." எனக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்கும். பல் தீட்டுற மாதிரி, ஒரு நடுக்கமும் இல்லாமல் சொல்லுறாள். நான் அடுப்பை அணைச்சுப்போட்டு அவளைக் கூப்பிட்டன்.

"லோயருக்குப் போன் அடி. அந்த ஃபோமைத் திருத்தோணும்."

ஜெயரட்ணம் தம்பி ஓடி வந்தார். "அன்ரி, உங்கட தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போடுறியள். முதல் ஒண்டு, பிறகு ஒண்டு எண்டால் பொய்க்காரி எண்டு எழுதி விட்டிடுவாங்கள்."

"எழுதட்டும் தம்பி. என்ர பிள்ளையை என்ர வாயால கொல்லமாட்டன்."

இண்டைக்கும் அவர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. அவர் கெட்டது நினைச்சு எழுதேல்லை, அதையும் சொல்லோணும். அகனேத்தாவுக்கும் மயூரியைக் கொண்டு போன் எடுத்தன். வாங்கோ எண்டு மட்டும் சொல்லச் சொன்னன்.

கேஸ் நாளில என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கீதைப் புத்தகத்தைக் காட்டினவை. வேண்டாம், அவ மாதிரித்தான் நானும் எண்டு அகனேத்தாவைக் காட்டினன். பிள்ளையாரிட்டை நான் காலமையே எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் போனனான், அவர் கோவிக்கமாட்டார். உண்மை சொல்லுறன் எண்டு வாயால சொன்னால் காணும் எண்டு விட்டிட்டினம்.

விசாரிச்சது கண்ணாடி போட்ட ஒரு மனிசி. "உங்கட மகன் இறந்திட்டாரோ?"

"தெரியாது."

"முதல் அப்பிடி எழுதியிருக்கே?"

"அது பொய். பயத்தில விட்டனான்."

அந்த மனிசி அகனேத்தாவைத் திரும்பிப் பாத்து, இவ இப்ப சொல்லுறது உண்மை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா.

"மகனைப் பற்றி எனக்குத் தெரியாது" எண்டா அகனேத்தா. "சொன்னால் தனக்குத்தான் கேடு எண்டு தெரிஞ்சும், நான் கேளாமல் இவ என்னட்டைச் சொன்னவ. அது எனக்குத் தெரியும்."

ஆறு கிழமையால கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டிட்டினம். அது ஒரு செவ்வாய்க்கிழமை. மயூரி வாசிச்சு முடிய அகனேத்தா துள்ளேல்லை, கட்டிப்பிடிக்கேல்லை. தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்கொண்டு கன நேரம் இருந்தா. பேந்து கோப்பையை நீட்டி, கறி போடச் சொன்னா.

சாப்பிட முன்னம் அவ எப்பவும் அப்பிடித்தான், சத்தமில்லாமல் செபிப்பா. ஒரு நாள் என்ன சொல்லுறியள் எண்டு கேட்டன். நன்றி சொல்லுவாவாம், பிறகு ரெண்டு பேரின்ர பேர் சொல்லுவாவாம். ஹைன்ரிஹ், தங்கா. தங்கத்துரை முழுக்க அவவின்ர வாயில வராது.

எங்கட சனம் இப்பவும் சொல்லுது, ஆடி அமாவாசைக்கு மயூரியை விரதம் பிடிக்கச் சொல்லி. தேப்பனை இழந்த பிள்ளையள் பிடிக்கிற விரதம் அது. நான் விடேல்லை, விடவும் மாட்டன்.

கடைசியாக் காணேக்கை அகனேத்தா கட்டிலில. நாங்கள் முடிச்சுப் போட்ட போர்வையளில ஒண்டு மேல கிடந்தது. என்ர கையைப் பிடிச்சு, சேதி ஏதும் வந்துதோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். எனக்கும் இல்லை எண்டு சொல்லிச் சிரிச்சா. அறுபது வருஷம் பொறுத்திருந்த மனிசியின்ர சிரிப்பு அது.

இந்த நாட்டில எனக்குக் கதவு திறந்து விட்ட ஆக்கள் கன பேர். எல்லாருக்கும் நன்றி. அகனேத்தாவுக்கு நான் சொல்லுற நன்றி செவ்வாய்க்கிழமையில. சாப்பிட முன்னம் ரெண்டு பேரையும் இப்ப நான்தான் சொல்லுறன். ஹைன்ரிஹ் எண்டது என்ர வாயில சரியா வராது. அவவுக்கும் தங்கத்துரை சரியா வரேல்லைத்தானே.