மிடுக்கன் என்று சொல்லாதீர்கள்

சொரிமுத்துவுக்கு 'சரி' என்பதைத் தவிர வேறு சொல் தெரியாது. மலையாள நாட்டு ஆரியசாலைக் கடைத்தெருவில், மாமா நயினாரின் மிளகாய் வற்றல் கடையில் கல்லாவில் நின்றான். யார் விலையை அடித்துப் பேசினாலும் 'சரி', விற்ற சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் 'சரி'. "மண்ணு!" என்பார் மாமா, கடை நிறைய ஆள் இருக்கும்போதே. நாளடைவில் அவனும் அதை நம்பிவிட்டான்.

"ஓணத்துக்குள்ள வாயத் தொறக்கலேன்னா மூட்டை தூக்கப் போ லே. கல்லாவுக்கு வேற ஆள் பார்த்துக்கிடுதேன்" என்று ஒருநாள் கெடு வைத்தார் மாமா.

அன்று மனைவி பேச்சி அழுத அழுகை இருக்கிறதே! மூட்டை தூக்கித் தூக்கி ஏற்கெனவே முதுகு போன மனிதன் அவன்.

பேச்சி பாத்திரம் தேய்த்த வீட்டின் மலையாளி அம்மிணி, மனநல ஆலோசகர். "கூட்டிக்கொண்டு வா" என்றாள். வாரந்தோறும் போனான். அங்கேயும் 'சரி'தான். அவன் தலையாட்டினால் "மிடுக்கன்!" என்பாள். தண்ணீர் கேட்டால்கூட, "எத்ர நல்லா சொல்லுது! மிடுமிடுக்கன்!" மலையாள வீடுகளில் பால் குடித்து முடித்த பிள்ளையைச் 'சமர்த்து' என்று கொஞ்சுகிற சொல். ஒவ்வொரு மிடுக்கனுக்கும் சொரிமுத்து இன்னும் கூனிக் குறுகினான்.

வெளியே காத்திருந்த பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மிடுக்கனாம்! தொட்டில் பிள்ளையா நீரு? இளிச்சுக்கிட்டு இருக்கீரே, எரிச்சலே வராதாய்யா?"

வந்தது. அடுத்த வாரம், கதவைத் திறந்து வந்ததற்கே "மிடுக்கன்" என்றாள் அம்மிணி.

"அப்படிச் சொல்லாதீங்க!" சொரிமுத்து கத்தினான். "கதவத் தொறந்ததுக்கா ஒரு மனுசனைப் புகழுவாங்க? அப்ப என்னை எவ்வளவு மண்ணுன்னு நெனச்சிருக்கீங்க?"

அம்மிணியின் முகம் சிவந்தது. மெதுவாகக் கேட்டாள்: "நான் புகழ்ந்தது உங்களுக்கு அவமானமாயிட்டு, இல்லே?"

"ஆமா."

"எனக்குத் தெற்று பற்றிப்போயி, தப்புதான். இனி சொல்ல மாட்டேன்."

அவன் வேண்டாம் என்று சொல்லி, அதைக் கேட்டு இன்னொருவர் நிறுத்தியது அவன் பிறந்ததிலிருந்து அதுவே முதல் முறை. கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்து அழுதான்.

ஓணம் நெருங்கியபோது, நெய்யாற்றின்கரை வியாபாரி ராஜையன் நனைந்த மூட்டையோடு வந்தார். "எடே, இத எடுத்திட்டு வேற தா."

"நனைஞ்சது உங்க வண்டியில, அண்ணாச்சி. எடுக்க முடியாது."

"நயினாரே, மண்ணு பேசுதே!"

பழைய வாடிக்கை போய்விடுமே என்று மாமாவுக்குக் கோபம். "எடுத்து வைலே!"

"முடியாது மாமா. மண்ணுன்னும் இனி கூப்பிடாதீங்க." கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் சொல்லி முடித்தான்.

மாமா பல்லைக் கடித்தார். வாயைத் திறக்கச் சொன்னவரே அவர்தானே! ராஜையன் மேல் எரிந்து விழுந்தார்:

"என்னை ஏம்வே பார்க்கீரு? கல்லாவுல நிக்கிறவன்கிட்டப் பேசும்!"