நாலு கட்டம்

எங்கள் சிறிய மருத்துவமனையில், ஆறாத கால் புண்களுக்குக் கட்டுப் போட ஒரு தனி அறை இருந்தது. புண்ணின் மேல் கண்ணாடித்தாளை வைத்து நர்ஸ் அதன் விளிம்பை வரைவார். அதைக் கட்டம் போட்ட தாளின் மீது வைத்து, புண்ணுக்குள் எத்தனை கட்டங்கள் அடங்குகின்றன என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. விளிம்பில் பாதியாவது உள்ளே வந்த கட்டம் கணக்கில் சேரும். அதற்குக் குறைந்தது சேராது. முப்பத்தோரு ஆண்டுகள் இப்படி எண்ணினேன்.

டாக்டர் அந்த எண்களை வைத்துத்தான் முடிவு சொல்வார். முதல் நாலு வாரத்தில் புண் நூற்றுக்கு நாற்பது பங்கு சுருங்கினால், அதே கட்டோடு ஆறு மாதத்தில் பெரும்பாலும் ஆறிவிடும் என்பது அவர் கணிப்பு. சுருங்காவிட்டால், ரத்தக்குழாயைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

என் தங்கையின் கணவர் முடிதிருத்துபவர். கடையில் ஒரே நாற்காலி, அதுவும் வருகிறவர்களுக்கு. அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாக நின்றே வேலை செய்தவர். இடது கணுக்காலுக்கு மேல் புண் வந்து, ஆறாமல் எங்களிடம் வந்தார். முதல் அளவு 210 கட்டங்கள்.

"மனை அளக்குற மாதிரி அளக்குறீங்களே மச்சான், வாங்க ஆள் வந்தாச்சா?" என்று நர்ஸையும் சிரிக்க வைத்தார்.

நாற்பது பங்கு குறைந்து, நாலாவது வாரம் 126 வந்தால் பிழைத்தோம். அன்று வெளியே பெஞ்சில் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு மாசம் படுக்கப் போட்டுருவாங்களாம்ணா. எதிர்க்கடைக்காரன் கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கடை போச்சுன்னா இவரு மனுசனாவே இருக்க மாட்டாரு."

என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் எண்ணினேன். 130. மறுபடி எண்ணினேன். 130. விளிம்பில் நாலு கட்டங்கள் பாதியை ஒட்டி நின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலும் பாதிக்கு ஒரு மயிரிழை கூடுதல். 126 என்று எழுதினேன்.

டாக்டர் முகம் மலர்ந்து, "ஆறிடும், இதே கட்டைப் போடுங்க" என்றார். மாப்பிள்ளை மறுநாளே கடையைத் திறந்தார்.

எட்டாவது வாரம் 128. பன்னிரண்டாவது வாரம் 141. "ஆரம்பத்துல நல்லாத்தானே சுருங்குச்சு, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார் டாக்டர். பதினாறாவது வாரம் 190. அதன் பிறகே அனுப்பினார். குழாய் அடைத்திருக்கிறது, மூன்று மாதம் முன்பு வந்திருந்தால் திறந்து பார்த்திருக்கலாம் என்றார்கள் அங்கே. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

உயரமான ஸ்டூல் ஒன்று செய்து, அதில் உட்கார்ந்தபடி அவர் மறுபடி கத்தரிக்கோலைப் பிடித்தார். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் அவரிடம் முடி வெட்டிக்கொள்கிற நான், எட்டு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. வேறு கடைக்கும் மனம் வரவில்லை. கடைசியில் தங்கை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டுப் போனாள்.

"வாங்க சாமியாரே, ஆசிரமம் எங்க?" என்று துண்டைப் போர்த்தினார்.

பாதி வெட்டு முடிந்தபோது, தங்கை அழுததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தரிக்கோல் நின்றது.

"எத்தன கட்டம்?"

"நாலு."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"டாக்டர்கிட்ட அந்த நாலு கட்டத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பாரு?"

"அன்னிக்கே அனுப்பியிருப்பாரு."

"ம்."

என் தலையைப் பிடித்து நிமிர்த்தினார். "ஆட்டாதீங்க. காது போயிரும்." வெட்டி முடித்துத் துண்டை உதறும்போது சொன்னார்:

"உங்க தங்கச்சிக்குத் தெரிய வேணாம் மச்சான். அன்னிக்கு நான் அழுததாலதானேன்னு நினைச்சிருவா."

அதன் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தார். மாதாமாதம் போனேன். முடி வெட்டினார், ஊர்க்கதை பேசினார். கேலி மட்டும் என்னிடம் செய்யவில்லை. தங்கைக்கு நான் சொல்லவில்லை. போன மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். இனி மறைக்க ஆள் இல்லை. அந்த வாரத்தின் சரியான எண் 130.