சம்பளத்தைத் தாண்டாத கார்

என் சித்தியைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள், மாடிப்படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள், இவர்களையெல்லாம் அவரவர் வீட்டுக்கே போய் நடக்க வைப்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு ஆறு வீடு. அந்த ஆறு வீட்டுக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பதினேழு வயதான ஒரு கார்.

அது இப்போது என்ன நிறம் என்பதில் வீட்டில் மூன்று கட்சி இருக்கிறது. வைப்பரைப் போட்டால் ரேடியோ நின்றுவிடும். பின்சீட்டில் மனிதர்கள் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. மடக்கு வாக்கர், ஊன்றுகோல், பூசணிக்காயைவிடப் பெரிய ரப்பர் பந்து, இவைதான் பயணிகள். ஆனால் முன்சீட்டு மட்டும் எப்போதும் பளிச்சென்று காலியாக இருக்கும். அது நோயாளிகளுக்கு. ஒருவர் தேறிவிட்டாரா என்று பார்க்க சித்தி வைத்திருக்கும் பரீட்சை அதுதான்: யார் கையையும் பிடிக்காமல், தானே கதவைத் திறந்து ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் அவர் கேட்கிற இடத்துக்கு ஒரு ரவுண்டு! எட்டு மாதம் படுத்திருந்த ஒரு தையற்காரர், தன் கடைப் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும் என்றாராம். தொட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதாராம். புதுக் கார்களில் சீட் தரையோடு தரையாக இருக்கிறது, உடைந்த இடுப்புக்காரர் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இதில் கதவும் அகலம், சீட்டும் சரியான உயரம்.

"இத வித்துட்டா என் பரீட்சை ஹாலே போச்சு" என்பார் சித்தி.

இவ்வளவும் சொல்லிவிட்டு, விற்பதற்குச் சட்டம் போட்டு வைத்திருந்தவரும் அவரேதான். ஒரு வருடம் கியர்பாக்ஸ் ரிப்பேர் வாடகைப் பணத்தையே விழுங்கிவிட்டது. அந்தக் கோபத்தில் போட்டது: வருடாந்திர சர்வீஸ் செலவு தன் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டினால், அந்த வாரமே கார் விற்பனைக்கு. சித்தி சொன்னால் சொன்னதுதான். "பத்து தடவை தூக்கணும்னா பத்து. ஒன்பதே முக்காலெல்லாம் எனக்குத் தெரியாது" என்று நோயாளிகளிடம் சொல்கிற ஆள்.

முதலில் கால் சம்பளம் ஆனது, அப்புறம் அரை. போன வருடம் முக்காலே மூணு வீசம். இந்த வருடமோ பிரேக் போட்டால் தெருவே திரும்பிப் பார்த்தது. காலையில் ஸ்டார்ட் ஆக நாலு தடவை கெஞ்ச வேண்டியிருந்தது. கிளட்ச் வழுக்கியது.

"தாண்டிடும்ல?" என்று சாப்பிடும்போது சித்தப்பா கேட்டார்.

"தாண்டினா வித்துடுவோம்" என்றார் சித்தி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

அதற்கப்புறம்தான் அதிசயம். முதல் வாரம் பிரேக் சத்தம் நின்றது. "பாத்தியா, அதுவா சரியாயிடுச்சு" என்றார் சித்தப்பா. அடுத்த வாரம் சாவியைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆனது. "வெயில் அடிக்குதில்ல, அதான்மா" என்றாள் அவர்கள் மகள், என் தங்கச்சி. அதற்கடுத்த வாரம் கிளட்ச் வெண்ணெயாகிவிட்டது. "நான் இப்பல்லாம் பதமா ஓட்டுறேன்" என்றார் சித்தி. யாரும் யாரையும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்!

சர்வீஸ் நாள் வந்தது. கடைசித் தடவையாக இருந்தாலும் இருக்கும் என்று சித்தப்பா, தங்கச்சி, நான் மூவரும் பஸ் பிடித்துப் பின்னாலேயே போய்விட்டோம். மெக்கானிக்கை எல்லோரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள், யார் அவசரப்படுத்தினாலும் அந்த ஒரு வார்த்தைதான் பதில் என்பதால். அவர் பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி உருவினார்.

"என்னக்கா இது, இந்த ஆயில்ல சமையலே பண்ணலாம் போலிருக்கு. யாரு மாத்தினது?"

"யாரும் மாத்தலையே!" என்னைத் தவிர மூன்று பேரும் ஒரே குரலில்.

ஆயில் மாற்றினால் தேதி எழுதிய சின்ன அட்டை ஒன்றை உள்ளே கட்டித் தொங்கவிடுவார்கள். பொறுமை கையை விட்டு ஒரு அட்டையை எடுத்தார். இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்றும் வேறு வேறு கடை, எல்லாம் இதே மாதம்.

"மூணாம் தேதி" என்று முதல் அட்டையைப் படித்தார்.

சித்தப்பா செருமினார். "அன்னைக்கு நான் முடி வெட்டிக்கப் போயிருந்தேன்."

"தலையில ஒண்ணும் குறையலையேன்னு அப்பவே நினைச்சேன்" என்றார் சித்தி.

"பிரேக் மட்டும்தான் மாத்தினேன். ஆயிலும் மாத்திடலாம் சார்னான், சரின்னுட்டேன். இங்க பில்லு குறையுமேன்னுதான்..."

"பதினொண்ணாம் தேதி."

"அப்பா, நீங்களுமா?" தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் டியூஷன் காசுல பேட்டரி போட்டேன். கூட ஆயிலும்."

"இருபதாம் தேதி."

சித்தப்பா தங்கச்சியைப் பார்த்தார், தங்கச்சி என்னைப் பார்த்தாள். "சத்தியமா நான் இல்ல!" என்றேன். சித்தி மட்டும் ஏற்கெனவே சுத்தமாக இருந்த பக்கவாட்டுக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா..." என்றார் சித்தப்பா மெதுவாக.

"என்ன ஏம்மா? கிளட்ச் போகப்போகுதுன்னு ஓட்டுற எனக்குத் தெரியாதா? இங்க போட்டா பில்லுல ஏறிடும். அதான் வேற கடையில போட்டேன். திருட்டுத்தனம்தான், இப்ப என்னங்கிறீங்க?"

பொறுமை அப்படியே ஒரு பழைய டயரில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ அக்கா, மூணு கடையில அழுததுல பாதிக்கு நான் மொத்தமும் முடிச்சிருப்பேனே!"

எங்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. தங்கச்சிதான் சிரித்துக்கொண்டே செல்போனில் கூட்டிப் பார்த்தாள். சட்டென்று அவள் சிரிப்பு நின்றது.

"அம்மா, எல்லாம் சேர்த்து ஒண்ணே கால் சம்பளம் ஆகுது."

சித்தி காரைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். 'வித்துடுவோம்' என்ற அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"சட்டம் போட்டவளே திருடியா நிக்கிறேன், அப்புறம் என்ன சட்டம்?" என்றார். குரல் லேசாக உடைந்தது. "ரத்து. விக்கிற பேச்சே இனிமே இந்த வீட்டுல கிடையாது. ஆனா ஒண்ணு, அடுத்த தடவை யாரும் தனித்தனியா திருடக் கூடாது. சேர்ந்துதான்."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்தான், மறைப்பானேன்!

அன்றைக்குப் பொறுமைக்கு இருந்த வேலை காரைக் கழுவுவது ஒன்றுதான். அது முடிந்ததும், "நாலு மணிக்கு ஒரு முட்டி காத்திட்டிருக்கு" என்று சித்தி கிளம்பிப் போய்விட்டார். நாங்கள் மூவரும் மறுபடி பஸ் ஏறினோம். ஒரே கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி சித்தப்பா தங்கச்சியின் காதருகே குனிந்தார்.

"அந்த பேட்டரிக்கு வாரண்டி எத்தனை வருஷம்?"

"நாலு வருஷம்ப்பா."

"அப்ப நாலு வருஷத்துக்கு கார் நம்மள விட்டு எங்கயும் போகாது" என்றார், பஸ்ஸுக்கே கேட்கும்படி.