பந்தய ஞாயிறன்று யாருக்கு டியூட்டி

டாக்டர் ஃபூரியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பத்தொன்பது வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். கத்துகிற டாக்டர்களை எல்லாம் பார்த்தாயிற்று. இந்த மனிதர் கத்தவே மாட்டார். சிரித்துக்கொண்டே வயிற்றில் அடிப்பார்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் ஈஸ்ட் லண்டனில் ஜனவரியில் டிரையத்லான் நடக்கும். கடலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் எட்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மயக்க மருந்துப் பிரிவின் தலைவரான ஃபூரியும் மற்ற பெரிய டாக்டர்களும் வருஷம் தவறாமல் கலந்துகொள்வார்கள். அன்று ஆஸ்பத்திரியைச் சின்ன டாக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம்.

வுயெல்வா அந்தச் சின்ன டாக்டர்களில் ஒருத்தி. பிரிவுக்கு வந்து மூன்று வருஷம். நீச்சலையே இருபத்தொன்பது வயதில்தான் கற்றாள். இருபத்து நான்கு மணி நேர டியூட்டி முடிந்து மற்றவர்கள் படுக்கப் போனால் இவள் கடலுக்குப் போவாள். மீன் வேண்டுமென்றால் கடையில் வாங்கலாமே என்று அவள் அம்மா கேலி செய்வாராம். பந்தயத்தை ஒரு தடவையாவது முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. முதல் இரண்டு வருஷமும் அந்த ஞாயிறு டியூட்டிக்கு ஃபூரி அவள் பெயரைத்தான் போட்டார். மூன்றாவது வருஷமும் போட்டார்.

இந்தத் தடவை அவளோடு வேலை பார்க்கும் லுகான்யோ மாற்றிக்கொள்ளச் சம்மதித்தான். மாலை நான்கு வரை அவன், பிறகு அவள். வழக்கப்படி இருவரும் கையெழுத்துப் போட்டுப் பலகையில் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஃபூரி அதை என் கண்ணெதிரே கிழித்தார். பந்தய வாரத்தில் மாற்றல் கிடையாது என்றார், சிரித்தபடி. அவர் போன பிறகு வுயெல்வா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கிழிச்சா கிழிக்கட்டும். நான் வரேன்னு அந்தக் காகிதத்துக்கா வாக்குக் குடுத்தேன்? நீ போ" என்றான் லுகான்யோ.

ஞாயிறன்று நான் ஓட்டப் பாதையின் மேட்டில் தண்ணீரும் கோலாவும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபூரி என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். அப்போது அவள் ஏறி வந்தாள். உதடெல்லாம் உப்பு.

"ஆஸ்பத்திரியில யாரு இருக்கா?" என்றார் அவர்.

"நீங்க ஓடுற வருஷமெல்லாம் யாரு இருந்தா, டாக்டர்? எங்கள்ல ஒருத்தர். இன்னைக்கு லுகான்யோ."

என் கையிலிருந்து கோலாவை வாங்கிக் குடித்துவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

கெடு முடிய ஒன்பது நிமிஷம் இருக்கும்போது எல்லைக்கோட்டைத் தொட்டாள். மெடலைக் கழுத்தில் போட்டவர்களிடம் மணி கேட்டாள். லுகான்யோ காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான், காரை எடுங்க அக்கா என்றாள். மூன்றே முக்காலுக்கு தியேட்டர் உடுப்பில் நின்றாள். அவளுக்குப் பதிலாக நிற்க வேறு ஆள் இல்லை. பெரியவர்கள் எல்லாம் கடற்கரையில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அன்று மாலை டியூட்டி. ஒரே ஒரு பிரசவ ஆபரேஷன் வந்தது. ஊசி போடுகிற வரை நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கவில்லை. தாயும் பிள்ளையும் நலம்.

திங்கட்கிழமை ஃபூரி நொண்டிக்கொண்டே வந்து அவளிடம் ஒரு எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார். மிகவும் களைத்த உடலோடு நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்வதானால் கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நான்கு மணி நேர டியூட்டி போடுகிறவரா களைப்பைப் பற்றிப் பேசுவது என்று என் நாக்கு துறுதுறுத்தது.

வுயெல்வா என்னிடம் பேனா வாங்கி எழுதினாள்: "ஆமாம். மூன்று வருஷமாக."