'பி' ஒலிக்காத சொல்

இருபத்தோரு வருடம் ஒரு நாளிதழில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கினேன். அந்த வேலையில் ஓர் ஆங்கிலச் சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நாளிதழ் மூடப்பட்ட பிறகு, நாற்பத்தெட்டு வயதில், மேற்குத் தாம்பரத்தில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கண்ணோடு நின்றுவிட்டது என்பது அங்கேதான் புரிந்தது. எழுதியிருக்கும் எழுத்தையெல்லாம், தமிழைப் படிப்பதுபோல, உச்சரித்தேன்.

கடைசித் தேர்வு இருபது நிமிடப் பாடம். தேறினால் சான்றிதழ். அது இருந்தால்தான் சேலையூர்ப் பள்ளி ஒன்று தருவதாகச் சொன்ன வேலை. எதிரே, மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்கள் எட்டுப் பேர். கடைசி பெஞ்சில் பயிற்சியாளர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், மடியில் மதிப்பெண் தாளுடன்.

பாடம், தொழில்களின் பெயர்கள். சந்தேகமான சொற்களைக் கைபேசியில் கேட்டுப் பட்டியல் போட்டிருந்தேன். ரயிலில் உதட்டை அசைத்தபடியே வந்தேன். 

பலகையில் plumber என்று எழுதிவிட்டு, "ப்ளம்பர்" என்றேன். பயிற்சியாளரின் பேனா அசைந்தது.

என் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. நம் ஊரில் அது தெரியாதவர் யார்? திரும்பிப் பார்த்தேன். நடுவில் 'பி' (b). கட்டைவிரலுக்கான thumb என்ற சொல்லின் எதிரே "பி ஒலிக்காது" என்று நானே எழுதிவைத்திருந்தது நினைவுக்கு வந்தது. எட்டுப் பேருக்கும் தெரியாது, அப்படியே கடந்துவிடலாம். ஆனால் பின்னால் இருப்பவருக்குத் தெரியும்.

நாளிதழில் தவறு வந்தால் மறுநாள் யார் கண்ணிலும் படாத மூலையில் 'திருத்தம்' போடுவோம். இங்கே அப்படி மூலை எதுவும் இல்லை. 'பி'யின் மேல் கோடு இழுத்தேன். "நான் சொன்னது தப்பு. ப்ளம்மர்."

முன்வரிசையில் இருந்த பம்மல்காரர் ஒருவர் எழுந்தே விட்டார். "இன்னா மிஸ், முப்பது வருசமா அந்த வேலைதான் பாத்துகினு கீறேன். வண்டில ப்ளம்பர்னுதான் போட்டுகீது. அப்போ நான் யாரு?"

"ஒரு எழுத்து லீக் ஆயிடுச்சுண்ணா, நீயே அடைச்சுக்கோ" என்றார் பக்கத்தில் இருந்த பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மறுபடி அசைந்தது.

வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் தாளை நீட்டினார். "உச்சரிப்புல மார்க் போச்சு மேடம். நீங்களே திருத்தினதால கொஞ்சம் வந்துச்சு. பாஸ்தான், ஆனா பார்டர்."

ரயில் நிலையம்வரை கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக நின்று படித்தேன். எல்லாமே எனக்குத் தெரிந்த சொற்கள். ஒன்றைக்கூட உரக்கச் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை சேலையூர்ப் பள்ளி வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள்.