எண்ணெய்க் கையும் வழிகாட்டிக் கருவியும்

பழைய குற்றாலத்தில் உடலெங்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் காத்திருக்கையில், வெள்ளம் வருவதாகக் கூறிக் காவலர்கள் எல்லோரையும் வெளியேற்றுகிறார்கள். பேரருவியிலும் வெள்ளமாம். என் மனைவியைக் காலையில் அங்கேதான் இறக்கிவிட்டேன். அவளுடைய கைப்பேசியோ என் காரில் கிடக்கிறது.

வந்த சாலையை அடைத்துவிட்டார்கள். மாற்று வழி அறிய, நேற்றுத் தென்காசியில் வாங்கிக் காரில் பொருத்திய வழிகாட்டிக் கருவியைத் தொடுகிறேன். எண்ணெய் விரலுக்குத் திரை இணங்கவில்லை. துண்டால் துடைக்கிறேன், துண்டிலும் எண்ணெய்.

சீயக்காய் விற்கும் பெண் காருக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

“என்ன அண்ணாச்சி, அதுக்கும் எண்ணெ தேய்க்கியளோ?”

“என் சம்சாரம் பேரருவியில இருக்காம்மா. கையில போன்கூட இல்ல.”

அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. “வெரல நீட்டுங்க” என்று, என் ஆள்காட்டி விரலில் சீயக்காய்த் தூளைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுகிறாள். திரை இணங்குகிறது.

வயல்களுக்கிடையே கருவி சொல்லும் பக்கமெல்லாம் திரும்புகிறேன். ஸ்டீயரிங் கையில் வழுக்குகிறது. பேரருவிக் கடைவீதியில், நனைந்த கூட்டத்தின் ஓரத்தில் என் மனைவி நிற்கிறாள். ஓடிவந்து என் கைகளைப் பற்றுகிறாள், எண்ணெயில் நழுவுகின்றன. கடைசியில் அந்த ஒற்றை விரலைப் பிடித்துக்கொள்கிறாள், விடவேயில்லை.