ஆயுள் பத்தியம்

பிச்சாட்டூரை அடுத்த ஊரில் நரசிம்மன் மனைவி சுலோச்சனாவுக்கு நாற்பத்தொரு வயது. நான்கு எருமைகளும், ஏழு பேருக்கு மூன்று வேளைச் சமையலும், மூன்றரை மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதும் அவள் பொறுப்பு. இரண்டு வருடமாகத் தூக்கம் போயிருந்தது. அடுப்பெதிரே நின்று சத்தமில்லாமல் அழுவாள். அதை யாரும் நோயென்று எண்ணவில்லை. ஒருநாள் எருமைக்கு வைக்க வேண்டிய தவிட்டைக் குழம்பில் கொட்டினாள். உடனே வீடே கவலைப்பட்டது.

காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். மனநல டாக்டர் ஒருவரிடமும் காட்டினார்கள். அவர் மாத்திரை எழுதி, "இந்தம்மாவுக்கு ஓய்வு கொடுங்க" என்றார். மாத்திரை வாங்கினால் பைத்தியம் என்று பேர் வந்துவிடும். ஓய்வு கொடுத்தால் எருமைகளை யார் பார்ப்பது? நரசிம்மன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கடைசியில் திருப்பதியில் ஆயுர்வேத டாக்டர் ஹரிதா. நாடி பிடித்தபடி, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்று சுலோச்சனாவைக் கேட்டார்.

"அதெல்லாம் நேரத்துக்குப் படுத்துக்கும் மேடம்" என்றான் நரசிம்மன்.

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். தலைக்கு ஒரு தைலம் எழுதினார். "பத்தியம் கடுமையானது. ஒரு மண்டலம் அடுப்புப் பக்கம் போகக்கூடாது. சூரியன் வராம எழுந்திருக்கக்கூடாது. மாட்டைத் தொடக்கூடாது."

"மீறினா?"

"நீங்கதான் பொறுப்பு."

நரசிம்மன் இந்தச் சீட்டைப் பத்திரமாக வாங்கிக்கொண்டான். ஓய்வு என்றால் சோம்பேறித்தனம். பத்தியம் என்றால் மருந்தாயிற்றே, மீறினால் விஷமாகிவிடாதா? நாற்பத்தெட்டு நாளும் அவனே பால் கறந்தான். மாமியார் சோறு பொங்கினாள். சுலோச்சனா தூங்கினாள்.

பதினெட்டாம் நாள் தைல பாட்டில் அவள் கைதவறி உடைந்தது. திட்டுக்குப் பயந்து, வேறொரு பாட்டிலில் வீட்டுத் தேங்காயெண்ணெயை ஊற்றி அதே இடத்தில் வைத்தாள். அன்றிரவு முன்னைவிட நன்றாகவே தூங்கினாள்.

மண்டலம் முடிந்தபோது அவள் சிரித்துப் பேசினாள். "இன்னா தைலம்டா!" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். அதே கையோடு, "நாளைலேர்ந்து நீயே கறந்துடும்மா. தலைக்குத் தைலம் வச்சிக்கினு போ" என்றாள்.

மூன்றே வாரம். குழம்பில் மறுபடி தவிடு விழுந்தது.

"தைலத்துக்குப் பவர் பத்தல மேடம்" என்றான் நரசிம்மன். "பெரிய பாட்டிலா எழுதுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். போன தடவை வாயே திறக்காத சுலோச்சனா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தியத்தையும் எழுதுங்க மேடம். ஒரு மண்டலத்துக்கு இல்ல, ஆயுசுக்கும்."

"ஆயுசுக்குமா?" நரசிம்மன் பதறினான். "இன்னாடி பேசிக்கினு கீற?"

"ஏன், அந்த நாப்பத்தெட்டு நாள்ல எருமை எதுனா உன்கிட்ட கறக்க மாட்டேன்னு சொல்லிச்சா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்: சூரிய உதயத்துக்கு முன் எழக்கூடாது. சமையல் ஒருவேளை மட்டும். மாட்டைத் தொடவே கூடாது. எழுதி முடித்து அவளைப் பார்த்தார். "இதுவே போதும்மா. தைலம் வேணாம்."

சுலோச்சனா அவசரமாக டாக்டரின் காதருகே குனிந்தாள்.

"ஐயோ, அதையும் எழுதிடுங்க மேடம். தைலம் இல்லைன்னா இந்தாளு பத்தியத்தை மதிக்காது."